சுவரைத் தாண்டிய பந்து

புந்தா அரேனாஸில் காற்றுக்கு
நடப்பவர்களைப் பிடிக்காது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பற்றிக்கொண்டு போக.
நான் எதையும் பற்றிக்கொண்டு நடந்ததில்லை.

இங்கே முற்றத்தில் கயிறு கிடையாது.
நான்கு சுவர், ஒரு பந்து, பதினொரு பையன்கள்.
மேற்குக் காற்றடிக்கும் நாட்களில்
பந்து எங்கள் பேச்சைக் கேட்பதில்லை.

வியாழக்கிழமை பாஸ்தியான் உதைத்தான்.
எழும்பியது, முள்கம்பிக்கு மேல் சற்றே தயங்கியது,
விசாரணை இல்லாமல் விடுதலையானது.

பத்துப் பேரும் சுவரைப் பார்த்துக் கத்தினார்கள்:
எறிடா, வெளியே வந்தால் காலை உடைப்பேன்.
நான் மட்டும் வாய் திறக்கவில்லை.
அந்தப் பக்கத்துச் சந்தை எனக்குத் தெரியும்.
துருவேறிய தகரக் கூரை, யாரோ வீசிய சலவை இயந்திரம்,
அதன் பின்னால் ஒளிய
ஒருவனுக்கு மட்டும் இடம்.
ஒன்பது வயதில் அந்த ஒருவன் நான்.
தாண்டி வந்த பந்துகள் மொத்தம் ஆறு.
உள்ளிருந்து வந்த வசவுகளைக் கேட்டுச் சிரித்தபடி
ஆறையும் துறைமுகத்தில் விற்றேன்.

குற்றப்பத்திரிகையில் அது இல்லை.
மருந்துக்கடை இருக்கிறது,
கண்ணாடி இருக்கிறது,
மிர்த்தா அம்மாளின் மணிக்கட்டு இருக்கிறது,
இரண்டு இடத்தில் முறிவு என்று.

அவருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
மூன்று வாரமாக
"மதிப்பிற்குரிய" என்பதோடு நிற்கிறது.
பேனா சரியில்லை என்று ஒருநாள்,
பேனா சரியாக இருந்தும் ஒருநாள்.

சுவரருகே போனேன்.
"தம்பி," என்றேன், "தயவுசெய்து."
அடுத்தவன் சட்டைபோல்
அந்தச் சொல் எனக்குத் தொளதொளவென்றிருந்தது.
பின்னால் சிரிப்பு.
"யெர்கோவின் தயவுசெய்து!" என்று பாஸ்தியான்
கீச்சுக் குரலில் நீட்டி நீட்டிச் சொன்னான்.
என் கை எனக்கு முன்பே எழுந்துகொள்ளும் கை.
கால்சட்டைப் பையில் திணித்தேன்.
உள்ளேயும் அது முஷ்டியாகத்தான் இருந்தது,
மணி அடிக்கும்வரை.

பந்து வரவில்லை.
சந்தில் யாரோ ஓடும் சத்தம் மட்டும்.
நல்ல வேகம்.

இரவு, விளக்கணையும் முன், தாளை எடுத்தேன்.
முறிந்தது எந்தக் கை?
அதை யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.
மாத்திரைப் புட்டியின் மூடியை
ஒற்றைக் கையால் எப்படித் திறப்பார்?

"மதிப்பிற்குரிய மிர்த்தா அம்மாளுக்கு,
வலது கையா, இடது கையா?"

மன்னிப்புக் கடிதம்
இப்படித் தொடங்காது என்று எனக்கே தெரியும்.
பேனா அந்த வரிமேல் நின்றது.

ஒரே நாளில் இரண்டாம் முறையாக
அடிக்காமல் விட்டேன்.