ஒரு வருடமும் எட்டு நாளும்

குசினிக் குழாயின் ஒழுக்கை நிறுத்த
மார்ச் நாலாம் திகதி வந்தார் முசியே ஓவ்ரே.
முழங்காலிட்டு, வாயில் டோர்ச்சைக் கவ்வி
நாற்பது நிமிட வேலை.
முன்னூற்றுப் பன்னிரண்டு யூரோ.

கார்டு மெசின் பழுதென்றார்.
அலுமாரியைக் கிளறி செக் புத்தகம் எடுத்தேன்.
த்ருவா சான் தூஸ்,
மகள் எழுத்துக்கூட்ட நான் எழுதினேன்.
எண் ஒன்று சொல்லி எழுத்து வேறு சொன்னால்
எழுத்தைத்தான் நம்புவார்களாம் இந்த நாட்டில்.
அதனால் மெதுவாக,
காது குத்தும் தட்டானின் கவனத்தோடு.

நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
லு ஆவ்ரின் மழைக்குள் வேன் போனது.

போட்டால் இரண்டு நாளில் கழியும்
என்றாள் கன்ரீனில் கூட வேலை செய்யும் ஜோசியான்.
இரண்டு நாள் கழிந்தது.
காசு கழியவில்லை.

ஏப்ரலில் கணக்கில் நானூற்றி ஆறு.
அதில் என்னுடையது தொண்ணூற்றி நாலு.
மே முடிவில் முன்னூற்றி முப்பது.
பதினெட்டு யூரோவில் நாலு நாள்,
பருப்பும் பாணும்.
யாரோ கைக்குட்டை போட்டுவிட்டுப் போன பஸ் இருக்கை
என் கணக்கில்.
ஆளும் ஏறவில்லை, நானும் இருக்கவில்லை,
கம்பியைப் பிடித்தபடி
நின்றே வருகிறேன்.

ஜூலையில் மகளுக்குக் கடைவாய்ப்பல்.
தொலைபேசித் திரையில் அந்தக் காசு
என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.
எடுத்த மறுநாள் அவர் போட்டுவிட்டால்?
வெறுங்கணக்கில் செக் திரும்பினால்
ஐந்து வருடம் எழுதத் தடை.
பெரிய வங்கியின் ஏதோ ஒரு பட்டியலில்
என் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர்.
ஊர் பெயரையும் பிழையாகத்தான் எழுதுவார்கள்.
மகள் ஒரு பக்கமாய்ச் சப்பிச் சாப்பிட்டாள்.

செப்டெம்பரில் ஜோசியான்,
கரட் சீவிக்கொண்டே, பெரிய விசயம் இல்லாதது போல்:
செக்கின் ஆயுள் ஒரு வருடமும் எட்டு நாளும்.
ஒரு வருடம் சரி,
எட்டு நாள் எதற்கு?
தோளைக் குலுக்கினாள்.

போய்த் தொலையட்டும் என்று காத்திருந்தவள்
அன்றிலிருந்து
போகாமல் இருக்கட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினேன்.
எந்த நாளில் மாறினேன் என்று கேட்டால்
அந்தக் கரட்டின் நிறம் மட்டும் நினைவிருக்கிறது.

டிசம்பரில் பாண்கடை வாசலில் அவருடைய வேன்.
வீதியைக் கடந்து
சப்பாத்துக் கடைக் கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்தேன்,
கடன்காரி மாதிரி.
நான் கடன்காரி இல்லை.
கொடுத்தாயிற்று.
எடுக்காதவர் அவர்.

மார்ச் நாலு வந்தது.
வருடம் முடிந்தது.
ஐந்து. ஆறு.
ஏழாம் திகதி இரவு
குசினியில் டொக் என்றது.

அதே குழாய். அதே கழுத்து.
சட்டி வைத்தேன். சத்தம் கூடியது.
சட்டிக்குள் துணி போட்டேன்.
துணி நனைந்த பிறகு
வேறு விதமாய்க் கேட்டது.

பத்தாம் திகதி பொறுக்க முடியாமல் அழைத்தேன்.
எந்த வீடு என்றார்.
மூன்றாம் மாடி, பச்சைக் கதவு.
ஆ, நினைவு வந்தது.
அப்போது காசு தந்தீர்களா மதாம்?
தந்தேன் என்றேன்.
பொய்யில்லை.
ஏதோ கடதாசிகளைப் புரட்டும் சத்தம்,
பிறகு இருமல்,
பிறகு, வியாழக்கிழமை வரட்டுமா?

கலண்டர் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கியது.
பன்னிரண்டு, புதன்.
பதின்மூன்று, வியாழன்.
அதற்கு முன் முடியாதா என்று
கேட்க வாய் எடுத்தேன்.
வியாழன் நல்லது, என்றேன்.

சட்டி நிறைய இன்னும்
நாலு விரற்கடை இருக்கிறது.