குழாய் வார்த்தது

இந்த டிசம்பரில் கடைக்குப் போவதில்லை என்று
அக்டோபரிலேயே வாயை விட்டுவிட்டேன்.
பல் ஆய்வகம், காபி நேரம்,
ஏழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
எல்லாப் பரிசும் என் கையால்தான் என்றேன்.
கை என்ன லேசுப்பட்டதா?
குவோப்பியோ நகரத்துக் கடைவாய்ப் பற்களில் பாதி
இருபத்தாறு வருஷமாய் இந்தக் கை வார்த்தவை.
நாக்கு தடவினாலும்
வித்தியாசம் பிடிபடாது.

முதலில் வைக்கோல் தொங்கல்.
தாளை ஊறவைத்து, நறுக்கி, நூல் கோத்து,
எட்டு முகமாய்க் கட்டித் தொங்கவிட்டால்
மூச்சுக் காற்றுக்கே சுழலும்.
என்னுடையது சுழலவில்லை.
காது மந்தமான ஒருவர்
குனிந்து "என்ன?" என்று கேட்பதுபோல்
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது.
பூனை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தது.

பிறகு ஏமெலிக்கு
கம்பளியைக் குத்திக் குத்தி ஒரு கரடி.
படத்தைப் பார்த்த அக்கா ஓர்வொக்கி
"ஐயோ, உருளைக்கிழங்கு! எவ்வளவு அழகு!" என்றாள்.
ஆமாம், உருளைக்கிழங்குதான் என்றேன்.
அன்றிரவு உட்கார்ந்து
அதன் காதுகளைக் கத்தரித்தேன்.
கண்களை விட்டுவைத்தேன்.
கிழங்குக்குக் கண் இருக்கலாம்.

மிச்சம் இருந்தது மெழுகுவத்தி.
மெழுகு எனக்குப் புதுசா?
தினமும் மெழுகில்தான் பிழைக்கிறேன்.
நான்கு கிலோ உருக்கி, பைன் தைலம் விட்டு,
பால் அட்டைப்பெட்டிகளில் ஊற்றினேன்.
பெட்டிகள் தையலோரம் கசிந்தன,
மேசை, தரை, என் இடது காலுறை.
சட்டியில் நின்றதைச்
சுடுதண்ணீர் விட்டு அலசித்
தொட்டியில் கொட்டினேன்.
எந்த நினைப்பில் கொட்டினேனோ.

பண்டிகைக்கு மூன்று நாள்.
தொட்டியில் தண்ணீர்
அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
வாசலில் பனியை உதறிவிட்டு
தைஸ்தோ உள்ளே வந்தார், கையில் குறடு.
"என்ன ஊற்றினீர்கள்?"
"சூப்பு."
குனிந்து மோந்து பார்த்தார்.
"காட்டில் வைத்த சூப்போ?"

தொட்டிக்கடியில் அரை உடம்பு மறைந்தது.
மரை கழன்றது, வாளி கணகணத்தது.
வளைகுழாயைக் கவிழ்த்து
உள்ளங்கையால் இரண்டு தட்டு.

வழுக்கிக்கொண்டு வந்தது.

இரண்டு கையையும் தூக்கி நிற்கும் மெழுகு வளைவு.
முனைகளில் மரையின் சுற்று அச்சுப் பிசகாமல்.
நடுவில் காபித்தூள் ஓடிய கறுப்பு நரம்பு,
எங்கிருந்தோ ஒரு துண்டு வைக்கோல்.
வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
குமிழ் இல்லை.
சுருக்கம் இல்லை.
என் மேசைக்கு இது வந்திருந்தால்
மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றார் தைஸ்தோ.
"எதுக்கு?"
"நாளெல்லாம் தலையை எங்கே விட்டிருந்தாய் என்று
தினமும் கேட்பாள் என் மனைவி.
இங்கேதான் என்று காட்டலாம்."

பின்னல் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி
முனைக்கொரு துளை போட்டேன்.
திரி இரண்டு.
சமையல் மேசையில் நிறுத்திக் கொளுத்திப் பார்த்தோம்.
ஒரு நிமிஷம், அவ்வளவுதான்,
மெழுகு வீணாகிவிடும் என்று
அவரே ஊதி அணைத்தார்.
பழைய செய்தித்தாளில் சுற்றி
மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ரசீதில் ஒரு காசு குறைக்கவில்லை.
மாலை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு,
புதுக் குழாய் தனி.

ஆய்வகத்தில் ஏழு பேருக்கும் சாக்லேட் பெட்டி,
கடையின் ஒட்டுத்தாளோடு.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை,
கேட்காததுதான் சுட்டது.

தைஸ்தோ கிளம்பும்போது கேட்டிருந்தார்,
"பழைய வளைவைக் குப்பையில் போட்டுவிடவா?"

வேண்டாம் என்றேன்.
கழுவி,
உள்ளே எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.