பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும்

நெப்ராஸ்கா, லிங்கன் நகரம், பிப்ரவரி.
சட்டமன்றத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத அறை.
சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
விளக்கின் பொத்தான் என் இடது கைப்பக்கம்.
பேசுவதைத் தட்டெழுதுவதும் நான்தான்,
இருபத்திரண்டு வருடமாக.
எந்த மசோதா பற்றியும் எனக்கு அபிப்பிராயம் கிடையாது.
அதற்குத்தான் சம்பளம்.

அன்றைக்கு ஸ்டெம் செல் மசோதா.
பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு
மாநிலத்தின் பணம் போகலாமா, கூடாதா.

செனட்டர் ரெய்மர்ஸ் ஆதரவு.
நம்பிக்கை என்ற சொல்லைப் பதினொரு தடவை சொன்னார்;
விரல்களுக்குக் கணக்குத் தெரியும்.
தொலைக்காட்சிக்காரர்கள் முக்காலியை மடக்கினார்கள்.
உடனே அவருக்கு வேறொரு கூட்டம் இருந்தது.

செனட்டர் ஹோல்ம்க்விஸ்ட் எதிர்ப்பு.
"முற்றுப்புள்ளியைவிடச் சிறியது," என்றார்,
"அதற்கு வாயில்லை.
அதற்காக நான் பேசாவிட்டால் யார் பேசுவார்?"
குரல் தழுதழுத்தது.
நடிப்பில்லை.
நடிப்பை இத்தனை வருடம் தட்டெழுதியவளுக்கு
அதன் தாளம் தெரியாதா?

பிறகு, வில்பரிலிருந்து ஒருவர்.
பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர் என்று
படிவத்தில் எழுதி,
"சேர்த்தவர்" என்று திருத்தியிருந்தார்,
அல்லது அவர் மனைவி திருத்தியிருந்தாள்;
அது நேர்க்கோட்டில் போகும் கையெழுத்து.
பார்க்கின்சன், ஒன்பது வருடம்.
அவர் கை மேஜையில் பட்டதும்
தண்ணீர் டம்ளர் தனக்குத்தானே முணுமுணுத்தது.

"பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டவும்," என்றார் தலைவர்.
பதிவேட்டுக்காக. எல்லோருக்கும் அதே விதி.
பச்சை.

வெர்னன் என்பது வந்து சேர்ந்தது.
கூபிசெக் என்பது
படிக்கட்டில் பியானோவை இறக்குவதுபோல்
ஒவ்வொரு படியாக வந்தது.
கே.
யு.
அடுத்த எழுத்துக்கு உதடு மூடித் திறக்க வேண்டும்.
மூடியது.
செனட்டர்கள் காகிதம் பார்த்தார்கள்.
ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.
பி.
மஞ்சள்.
ஐ. சி.
மௌனத்துக்கு என் பலகையில் விசையில்லை.
இ.
சிவப்பு.
விளக்குக்கு நடுக்கம் கிடையாது.

"நன்றி ஐயா. கேள்விகள் உண்டா?"
இல்லை.

ஒலிவாங்கியை அணைத்தேன்.
ஹோல்ம்க்விஸ்ட் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.
மேலங்கியை எடுத்து,
அடம்பிடிக்கும் கையைச் சட்டைக்குள் விடும் பொறுமையோடு
ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைத்து,
பொத்தான்களையும் போட்டுவிட்டார்.
ரெய்மர்ஸின் நாற்காலி காலியாகவே இருந்தது.
"ஞாயிறன்று பிரார்த்தனையில்
உங்கள் பெயரைச் சொல்கிறேன்," என்றார்.
உண்மையில் சொல்லவும் சொல்லுவார்.

கூபிசெக் அவரை நிமிர்ந்து பார்த்து,
ஒரு விசையை மட்டும் தட்டிப் பார்ப்பதுபோல்,
பிசிறில்லாமல்,
"கடைசி எழுத்து, கே," என்றார்.

சாயங்காலம் ஐந்துக்கு மூன்று.
மசோதா காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.
ஆயிரம் தடவை அடித்த சொல், கை தானாகப் போகும்.
அன்றைக்குக் 'காலவரை' வந்ததும் நின்றது.
வெளியே உப்புத் தூவிய சரிவுப்பாதையில்
அவரும் மனைவியும் வேனுக்குப் போன வேகம்
நினைவுக்கு வந்தது.
மிச்சத்தை அடித்தேன்.

பதிவேட்டில் அவர் சாட்சியம் ஒரே வரி.
வெர்னன் கூபிசெக்,
எழுத்துகள் ஏழு.
ஒலிவாங்கி அணைந்தபின் சொன்னதைச்
சேர்க்கக் கூடாது என்பது விதி.