கௌராவில் புல் வெட்டுகிறவள்

ஆகஸ்ட். புல்லில் உறைபனி கரையும்வரை
இயந்திரத்தை இறக்கக்கூடாது, கவுன்சில் விதி.
ஒன்பதரைவரை வண்டிக்குள் இருந்து
பிளாஸ்க் தேத்தண்ணி குடிப்போம், கிளெனும் நானும்.
கண்ணாடிக்கு அப்பால் செர்ரி மரங்கள்
மொட்டுக் கட்டவில்லை இன்னும்.
சாம்பலும் ரோசாவுமாய்க் கிளிகள் மட்டும்
நாட்கூலி ஆட்களைப்போல வரிசையில் இறங்கி
பூண்டு கிண்டுகின்றன.

இந்தப் பக்கம் காவல்காரர்கள்:
நிமிர்ந்த கல், வயது, இலக்கம், சிலுவை.
அந்தப் பக்கம் கைதிகள்:
தரையோடு படிந்த தகடுகள்.
ஒரே இரவில் வேலியை நோக்கி ஓடினவர்கள்.
கையில் சாப்பாட்டுக் கத்தி, பேஸ்பால் மட்டை.
முள்கம்பி மேல் போர்வை விரித்து ஏறினார்களாம்.
நாங்கள் சாக்கு விரித்தோம்.

முதல் வாரம் கிளென் சொன்னான்:
இதில் நிறையப் பெயர் பொய்.
பிடிபட்டது ஊருக்குத் தெரிந்தால் மானக்கேடு என்று
வாயில் வந்த பெயரைச் சொல்லிப் பதிந்தார்கள்,
அந்தப் பெயரிலேயே செத்தார்கள்.
நான் ஒன்றும் பேசவில்லை.
ஒரு தகட்டின் விளிம்பை
கத்தரியால் சுற்றிச் சுற்றி வெட்டினேன்,
வெட்ட இனிப் புல் இல்லாதபோதும்.

எனக்கும் மூன்று பெயர்.
வீட்டில் வைத்தது ஒன்று.
படகால் இறங்கியபோது
எழுத்தும் இலக்கமுமாய்த் தந்தது ஒன்று.
நடுவில் இருந்ததை இங்கே எழுதமாட்டேன்.
கிளென் என்னை டாவா என்கிறான்.
தவமலரில் அவன் வாய்க்கு அவ்வளவுதான் வரும்.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பேசாலை மேரி கொன்சலா
கல்லில் யாழரசி.
புதைத்தோம் என்று சொல்லக்கூடாது அப்போது,
விதைத்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.
அவளுடைய அம்மா மெழுகுதிரியோடு வந்து
கொன்சலா, கொன்சலா என்று
வரிசை வரிசையாய்த் தேடினார்.
கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
இது வேற ஆற்றையோ பிள்ளை என்றார்.
என்றாலும் கொளுத்தினார்,
வேற ஆற்றையோ பிள்ளைக்கு.

பிறகு புல்டோசர் வந்தது.
அதன் மேல் ஒரு முகாம்.
முகாமுக்குள் ஒரு கரப்பந்துத் திடல்.
கல்லெல்லாம் சல்லி.
இரண்டு பெயருமே இல்லை இப்போது.

நேற்று ஒரு ஜப்பான்காரி டாக்சியில் வந்தாள்.
எழுபது இருக்கும்.
கையில் கழுத்துப்பட்டி இறுகிய ஒரு பையனின் படம்,
பெயர் எழுதிய தாள்.
வாசல் பெட்டியைத் திறந்து
பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.
இல்லை.
அவள் தலையாட்டினாள்,
கடையில் சீனி முடிந்துவிட்டது என்றால்
தலையாட்டுவோமே, அப்படி.
பையிலிருந்து ஒரு மண்டரின் எடுத்து
நின்றபடி தோலுரித்தாள்.
தகட்டுக்கு ஒன்றாய்ச் சுளை வைத்துக்கொண்டே போனாள்.
பதினொன்றில் முடிந்தது.
பன்னிரண்டாவதின் முன்னால்
வெறுங்கையோடு கொஞ்சம் நின்றாள்.
கைக்குட்டையில் விரல் துடைத்தாள்.
டாக்சி காத்திருந்தது.

கிளெனின் பாட்டன் இங்கே சண்டை முடிந்து வந்து
யாரும் கேட்காமல் புல் வெட்டியவராம்.
கைதிகளின் பக்கத்திலும்.
ஏன் வெட்டினார், என்றேன்.
கோப்பையைக் கவிழ்த்து உதறினான்.
புல் வளர்ந்திருந்தது, என்றான்.

பனி கரைந்துவிட்டது.
சுளைகளில் நான்கைக் காணவில்லை,
கிளிகளாய் இருக்கும்.
மிச்சத்தை அள்ளத்தான் வேண்டும், விதி.
அள்ளவில்லை. சுற்றிக்கொண்டு போவேன்.
கிளென் காதுமூடியை மாட்டுகிறான்.
கயிற்றை இழுக்கிறேன்: ஒன்று, இரண்டு,
மூன்றாவதில் பிடிக்கிறது.
இந்தச் சத்தத்துக்குள்
எந்தப் பெயரையும் உரத்துச் சொல்லலாம்,
எவருக்கும் கேட்காது.

முதலில்
கொன்சலா என்றேன்.