அரை மாத்திரை

அறுபது மாத்திரைக்கு ஐந்நூற்று எழுபத்திரண்டு டாலர்.
மருந்துக்கடை டெல்மர் வாயால் சொல்லவில்லை,
கணினித் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினான்,
பிணவறையில் முகத்துணியை விலக்குவதுபோல.

மெய்ன் மாநிலத்தின் ஓரம் அது.
ஆற்றைத் தாண்டினால் கனடா.
ஓடெட்டின் இதயம் அவ்வப்போது தாளம் தப்பும்.
ரத்தம் உறையாதிருக்க
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

"காப்பீட்டு அட்டையை நீட்டாதே,
ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேள்,
சில சமயம் அதுதான் மலிவு"
என்றாள் தேவாலயத்தில் பின்பெஞ்சுக்காரி.
கேட்டாள்.
அது அந்தச் சில சமயம் இல்லை.

கம்பெனியின் தள்ளுபடி அட்டை தபாலில் வந்தது.
பளபளப்பாக, தங்க விளிம்போடு.
பின்பக்கம் எறும்பு எழுத்தில்:
அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்குச் செல்லாது.

டாக்டரம்மா இழுப்பறையைத் துழாவி
மாதிரிப் பெட்டிகள் இரண்டு கொடுத்தார்.
பதினான்கு நாள்.
வாங்கிக்கொள்ளும்போது லூசியன்
தொப்பியைக் கழற்றினான்.
கழற்றியிருக்க வேண்டாம் என்று
வீடு வரும்வரை அவளுக்கு இருந்தது.

பிறகு பாலம்.
பழைய பிக்கப்பில் பதினோரு நிமிடம்.
அக்கரையில் பாதிக்கும் குறைவு,
ஆனால் அக்கரை டாக்டர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்,
கையெழுத்துக்கு ஒரு விலை.
திரும்பும்போது சுங்கச் சாவடியில்
"என்ன கொண்டுபோகிறீர்கள்?"
"மூன்று மாதம்" என்றான் லூசியன்.
அதிகாரிப் பெண் சிரிக்கவில்லை.
பெட்டியின் பெயரைப் படித்தாள்,
வீட்டில் அதே பெட்டி இருப்பவள் படிப்பதுபோல.
போகலாம் என்று கையசைத்தாள்.

நவம்பரில் பிக்கப்பின் கியர் உடைந்தது.

டெல்மர்தான் சொன்னான்:
பெரிய மாத்திரைக்கும் சின்னதற்கும் ஒரே விலை,
பெரியதை எழுதித் தரச் சொல்லுங்கள்,
இரண்டாக வெட்டிக்கொள்ளலாம்.
டாக்டரம்மா யோசித்து, சரி என்றார்.
லூசியன் முதலில் மீன்கத்தியால் வெட்டினான்.
ஒரு பாதி அடுப்புக்குக் கீழே ஓடியது.
இரண்டு பேரும் டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடினார்கள்.
அன்று நன்றாகச் சிரித்தார்கள்.
மறுநாள் நான்கு டாலருக்கு வெட்டி ஒன்று வாங்கி வந்தான்.

அந்தப் பாதியையும் அவள்
இன்னொரு முறை வெட்டத் தொடங்கியது
டாக்டரம்மாவுக்குத் தெரியாது.
லூசியனுக்கும் தெரியாது.

ஓடெட்டுக்குத் தெரியாதது வேறொன்று.
அவள் கேட்டேயிராத ஒரு மொழியின் இலக்கணத்தில்
மாத்திரை என்பது காலத்தின் அளவு:
ஒரு கண்ணிமைப்பு, ஒரு கைநொடிப்பு.
உயிருக்குக் குறைந்தது ஒன்று வேண்டும்.
மெய், அரையிலேயே ஒலித்து முடிந்துவிடும்.

முடிந்தது அவள் மெய் அல்ல.

பிப்ரவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த லூசியன்
மண்வாரியின் மேலேயே சாய்ந்தான்.
எழுபத்தோரு வயதில்
ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லாத மனிதன்.

மார்ச்சில் டெல்மர் அந்த உதவிப் படிவத்தை
மறுபடியும் அச்செடுத்துக் கொடுத்தான்.
போன வருடம் நிராகரித்திருந்தார்கள்,
வருமானம் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் அதிகம் என்று.
ஆலையிலிருந்து வந்த லூசியனின் ஓய்வூதியம்.

குடும்பத்தில் எத்தனை பேர்?
கை தன் பாட்டுக்கு 2 என்று எழுதியது.
அடித்தாள். 1 என்று எழுதினாள்.
அடித்த இடத்தில் கையொப்பமிட வேண்டும் என்றான் டெல்மர்.
இட்டாள்.

ஒன்பதாம் நாள் கடிதம்.
'வாழ்த்துகள்' என்று தொடங்கியது.

பெட்டி அதற்கடுத்த வாரம் வந்தது.
இலவசம், ஒரு வருடத்துக்கு.
சின்ன மாத்திரை, சரியான அளவு,
வெட்ட வேண்டியதில்லை.
ஒன்றை நாக்கில் வைத்தாள்.
தண்ணீருக்குப் பிறகும் தொண்டையில் நின்றது.

இழுப்பறையில் அந்த வெட்டி.
மூடியைத் திறந்தாள்.
மூலையில் கொஞ்சம் வெள்ளைத் தூள்.
விரலை நனைத்து ஒற்றி எடுத்தாள்,
வீணாக்கிப் பழக்கமில்லை.