கொசுறு

முருங்கைக்காய்க்கு விலை உண்டு. அவரைக்கு உண்டு.
கொத்தமல்லிக்கு எங்கள் தெருவில் விலை சொல்வது
குடிக்கத் தண்ணீர் கேட்டவரிடம் காசு கேட்பது.
அரைக்கிலோ கத்தரிக்காயை நிறுத்து முடித்ததும்
கை தன்பாட்டில் போய் நாலு காம்பு கிள்ளும்.
பையை விரித்து நிற்கிறவர்
பார்க்காததுபோல் பார்த்துக்கொள்வார்.

ஐப்பசிக் கடைசியில் ஒன்பது நாள் மழை.
விடிகாலை மூன்று மணி, கோயம்பேட்டில்
கணுக்கால் சேற்றில் நின்று
எழுபத்திரண்டாம் நம்பர் கடை காசிநாதனைக் கேட்டேன்.
"கட்டு எண்பது."
நேற்று பதினெட்டு.
"நேத்து பதினோரு வண்டி. இன்னிக்கு ஒண்ணு.
அதுலயும் பாதி அழுகல்.
வேணாம்னா நகரு, பின்னாடி ஆள் நிக்குது."
திரும்பிப் பார்த்தேன். நின்றது.
அந்த ஆள் நகராமல் நிற்பதுதான்
அறுபத்திரண்டு ரூபாய்.

ஒரே ஒரு கட்டு.
ஈரச்சாக்கில் சுற்றித் தராசுக்கல் பக்கத்தில் வைத்து
அயனாவரம் வருவதற்குள் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது மாடி ஹேமலதா டீச்சர்
கயிற்றில் பை இறக்குவார்.
காய் போட்டேன், பணம் எடுத்தேன்,
பை பாதி ஏறி நின்றது.
"கொத்தமல்லி?"
"பத்து ரூபா டீச்சர், இத்தினிக்காணும்."
இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராகப் பை
சும்மா ஆடிக்கொண்டிருந்தது.
பிறகு ஏறிவிட்டது.
மறுநாள் நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்,
ரசத்துக்குச் சீரகம் போதுமாம்.

டீச்சருக்கு முடியும்.
பிரியாணிக் கடை சாதிக் பாஷாவுக்கு முடியாது.
மல்லி இல்லாமல் அண்டா அடுப்பேறாது.
எண்பதோ நூறோ, திட்டிக்கொண்டே வாங்கிப்போனார்.
பிளேட் விலையைக் கூட்டவில்லை.
கறித்துண்டு ஒன்று குறைந்திருக்கலாம்,
நான் எண்ணப் போகவில்லை.

மழை விட்டது. மல்லி நாற்பது நாள் பயிர்.
நாற்பத்து மூன்றாம் நாள்
லாரிக்குப் பின்னால் லாரி,
ஓசூர், மாலூர், பாகலூர்,
நடக்க வழியில்லாமல் பச்சை.
நாலு மணிக்குக் கட்டு மூன்று ரூபாய்.
ஏழு மணிக்கு ஒன்று.
எட்டு மணிக்கு மாடுகளுக்கு.

பாகலூர் பக்கமிருந்து லோடோடு வந்த வெங்கட்டப்பா
இறக்கிய கட்டுகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.
எண்பது என்று கேள்விப்பட்டு விதைத்தாராம்.
ஊரே அதைத்தான் கேள்விப்பட்டிருந்தது.
"எம்பதுக்கு நெசமாவே வித்துதா?"
பேயைக் கண்டவளிடம் விசாரிக்கும் குரல்.
"நானே வாங்கினேன்."
"அன்னிக்கு என் தோட்டத்துல முட்டியளவு தண்ணி."

வண்டி வாடகை, இறக்குகூலி, கமிஷன்:
காசிநாதன் சீட்டில் கழித்துக்கொண்டே வந்தார்.
கடைசி வரியில் வெங்கட்டப்பாதான்
நூற்றிப்பத்து தர வேண்டியிருந்தது.
இனிமேல் முள்ளங்கிதான் என்றார் அவர்.
முள்ளங்கி இப்போது நல்ல விலை போகுதாம்.
எதிர்க் குவியலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும்
ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நான் பத்துக் கட்டு பொறுக்கினேன்.
"கட்டு ரெண்டு ரூபா, எடுத்துக்கோ."
"ஒண்ணரைக்குக் குடு" என்றது வாய்.
இருபது வருஷப் பழக்கம்.
வெங்கட்டப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

டீச்சர் பையில்
வேரோடு ஒரு முழுக்கட்டை வைத்தேன்.
தட்டாமல் தடங்கலில்லாமல் மூன்று மாடி ஏறியது.
கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் தலை.
"எதுக்கு இவ்ளோ? வாடினதா?"
"இன்னிக்கு வந்ததுதான் டீச்சர்."
நம்பவில்லை.
கட்டைத் திருப்பித் திருப்பி முகர்ந்துகொண்டிருந்தது
கீழேயிருந்தே தெரிந்தது.