வலது காது

காவயா சாலை, திரானா. மூன்றாவது மாடி.
பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு ஹெட்செட்.
காலைக்காரர் கழற்றி வைத்த சூடு ஆறுமுன்
மாலைக்காரர் மாட்டிக்கொள்ள வேண்டும்.
என் பெயர் எல்வானா.
கம்பி வழியே இத்தாலிக்குப் போகும்போது மட்டும்
எலிசா.

நவம்பர் மழையில் தொடங்கியது.
முதலில் ஓர் எறும்பு,
உள்ளே வழி தவறியது போல.
ஒரு வாரத்தில்
அது குடும்பம் நடத்த ஆரம்பித்தது.

காது குடைவதற்கென்று செய்யப்படாத பொருள்கள்
வீட்டில் இத்தனை இருப்பது அதுவரை தெரியாது:
பேனா மூடி. கொண்டை ஊசி.
இறுகச் சுருட்டிய மளிகை ரசீது.
பெஸ்னிக்கின் பழைய காரின் சாவி.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது,
திருமணமான இந்த ஒன்பது ஆண்டுகளில்
அந்தச் சாவி தந்த சுகத்தை…
சரி, விடுங்கள்.

கண் தானாகச் செருகும்.
கால் கட்டைவிரல் மடங்கும்.
பிறகு எரியும்.
காலையில் தலையணை உறையில்
மஞ்சளாய் ஒரு பொட்டு.

எதிர்வீட்டு ஸெனெபே
பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய ஆலிவ் எண்ணெயோடு வந்தாள்.
"யாரோ உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள்.
வலது காது என்றால் நல்லதாகத்தான் இருக்கும்."
நாளுக்கு எட்டு மணி நேரம் அந்தக் காதில்தான் பேசுகிறார்கள்,
நல்லதாக ஒருவரும் இல்லை என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
பாரியிலிருந்து ஒரு முதியவர். மின்கட்டணம்.
ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு
இருவருக்கான தொகை வந்திருக்கிறது.
மீட்டர் எண்ணைப் பார்த்துவர அவர் எழுந்துபோன இடைவெளியில்
ஹெட்செட்டைச் சற்று நகர்த்தி
கொண்டை ஊசியை விட்டேன்.
மைக் திறந்திருப்பதை மறந்து
"ஆ…" என்றேன்.

அவர் திரும்பி வந்திருந்தார்.
"சிக்னோரினா, காதா?"
"ஆமாம்."
"எனக்கும்தான். செவிக்கருவி மாட்டியதிலிருந்து.
மனைவியின் ஸ்வெட்டர் ஊசி ஒன்று இருக்கிறது,
நாலாம் நம்பர். சரியாக எட்டும்."

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.
"எட்டக் கூடாத இடம் ஐயா அது.
ஊசியை மேசைமேல் வையுங்கள்.
வைத்துவிட்டீர்களா? சத்தம் வரவில்லையே."
டக்.
நானும் என்னுடையதை வைத்தேன்.
அவருக்கும் கேட்டிருக்கும்.

மேற்பார்வையாளர் குய்திம் அதை ஒட்டுக்கேட்டு
ஏழு மதிப்பெண் குறைத்தார்:
எழுதிக் கொடுத்ததை மீறிப் பேசியதற்கு நான்கு,
தேவையற்ற ஒலிக்கு மூன்று.

டாக்டர் வியோலேத்தா விளக்கு வைத்துப் பார்த்து
"தோட்டமே போட்டிருக்கிறாயே" என்றார்.
பூஞ்சை.
பத்து நாள் சொட்டு மருந்து.
எண்ணெய் கூடாது, தண்ணீர் கூடாது,
ஊசி, சாவி, ரசீது எதுவும் கூடாது.
"விரல்?"
"அதன்மேல் உட்கார்ந்துகொள்."

உட்கார்ந்தேன்.
இரவில் பெஸ்னிக் என் வலது கையில்
தன் கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டான்.
மூன்றாம் இரவு, நாலு மணி, ஜன்னலில் சாரல்.
எறும்புகள் கல்யாண ஊர்வலம் போயின.
பற்களைக் கடித்துக்கொண்டு
அந்த மனிதரின் மீட்டர் எண்ணைச் சொன்னேன்,
முன்னிருந்து பின், பின்னிருந்து முன்:
ஏழு, பூஜ்யம், பூஜ்யம், மூன்று, ஒன்பது…

ஆறாம் நாள் அவர் மறுபடி அழைத்தாராம்.
எங்கள் தளத்தில் எலிசாக்கள் மூவர்.
"காது அரிக்கும் எலிசா" என்று கேட்டிருக்கிறார்.
நான் இல்லை.
மேசையில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது:
ஊசியை மேசை டிராயரில் பூட்டிவிட்டார்.
சாவியை எங்கே வைத்தார் என்பது மறந்துவிட்டது.
கட்டணம் இன்னும் இருவருக்குத்தான் வருகிறது.

இப்போது என் ஹெட்செட்டுக்கு என் சொந்த உறை,
கைப்பையில் வந்து கைப்பையில் போகிறது.
காது ஆறிவிட்டது.
கை மட்டும் அவ்வப்போது
அந்தப் பக்கமாகப் போய்
ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு வருகிறது.